ஜிம்மிக்குக் கிடைத்த இரத்தம்

2003ஆம் ஆண்டு, தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். என் நாய் ஜிம்மி தினமும் கூடவே மலைக்கு வரும். ஒருநாள் பத்து மணிபோல, பால் வாளியோடு இறங்கும்போது அது திடீரெனக் கால் மடிந்து விழுந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பக்கத்து வீட்டு லொறி டிரைவர்தான் விஷம் வைத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். முந்தின வாரம் ஜிம்மி அவருடைய கோழியைக் கடித்து, எங்களுக்குள் பெரிய சண்டை. நாயைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடி, அவர் வாசலில் நின்று கத்தினேன்.

"மருந்து வச்சிட்டீங்கல்ல அண்ணே! நீங்க நல்லா இருப்பீங்களா?"

லயமே கூடிவிட்டது. அவர் குனிந்து ஜிம்மியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வயிறு ஊதியிருக்கு தங்கச்சி. சண்டைய அப்புறம் போடுவோம். அவிசாவளைக்குத்தான் ரப்பர் ஷீட் ஏத்திட்டுப் போறேன், ஏறுங்க."

லொறி கிளம்பும்போது அவருடைய பெரிய நாய் கறுப்பனும் வழக்கம்போல் பின்னால் தாவி ஏறிக்கொண்டது.

அவிசாவளையில் ஒரு சிங்கள மிருக வைத்தியர் வயிற்றில் ஊசி குத்தி இழுத்தார். சிரிஞ்சு நிறைய இரத்தம்! "வஹ நெமெயி" என்றார். விஷமில்லை! மண்ணீரலில் இரத்தக் குழாய்க் கட்டி ஒன்று வளர்ந்து வெடித்திருக்கிறதாம். உடனே வயிற்றைத் திறக்க வேண்டும், ஆனால் வேறொரு நாயின் இரத்தம் ஏற்றாவிட்டால் தாங்காது என்றார்.

எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அண்ணனோ வெளியே ஓடிப்போய்க் கறுப்பனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

கறுப்பனின் கழுத்திலிருந்து இரத்தம் பைக்குள் இறங்கியது. அது அசையாமல் இருக்க, அண்ணன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த இரத்தம் ஏறஏற ஜிம்மியின் ஈறு மெல்லச் சிவந்ததைக் கண்ணால் பார்த்தேன். சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்!

தோடம்பழம், அதாவது ஆரஞ்சு, அளவு கட்டியோடு மண்ணீரலையே வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்க் கட்டியானால் சில மாதம்தான் என்று சொல்லி, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பினார் வைத்தியர்.

மூன்று வாரம் கழித்து ஒரு பின்னேரம், லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே மலையேறி வந்தது. நிறுத்துவதற்கு முன்பே அண்ணன் தலையை நீட்டினார்.

"கேன்சர் இல்ல தங்கச்சி! டாக்டர் சொல்லிட்டாரு! அபூர்வமா வர்ற சாதுவான கட்டியாம்!"

லயமே பார்க்கத் திட்டியவள், லயமே பார்க்க அவர் காலில் விழுந்தேன். "அட, எழும்புங்க" என்று பதறிப்போனார்.

ஜிம்மி அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தது. இப்போதும் யார்மேலாவது கோபம் பொங்கி வாய் திறக்கப் போகும்போது, தன் நாயின் தலையைத் தடவிக்கொண்டு நின்ற அந்த அண்ணன் ஞாபகத்துக்கு வருகிறார். முதலில் விஷயத்தைக் கேட்போம் என்று வாயை மூடிக்கொள்கிறேன்.