கூடலூர்த் திராட்சைக்குப் பதினொரு வீடியோ கேசட்

தங்கை வீட்டுக்குப் போகிறவர்கள் பூவும் அல்வாவும் கொண்டு போவார்கள். இந்த ஆடி முதல் வாரத்தில் நான் கொண்டு போனது பழைய வீடியோ கேசட் பதினொன்று. என் தங்கை செல்வி குமுளிப் பக்கத்துக் கூடலூரில் ஒன்றேகால் ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறாள். புதன்கிழமை குலை வெட்டு. அதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் கிளிகள் இறங்கி, இரண்டே நாளில் பாதிக் குலைகளைக் கொத்திவிட்டன. "உங்க பரண்ல கேசட் கெடக்கும்ல, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வாக்கா" என்று ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

திங்கள் காலை 5.40க்கு மதுரை ஆரப்பாளையத்தில் குமுளி பஸ். கூடலூருக்குச் சுமார் 125 கிலோமீட்டர், டிக்கெட் 110 ரூபாய். இடது ஜன்னலைப் பிடியுங்கள், சின்னமனூர் தாண்டியும் மேகமலை கூடவே வரும். 9.20க்கு இறங்கினேன். தோட்டம் நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய்.

"மூட்டை என்னத்தா இம்புட்டுக் கனம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"கேசட்."

"திராட்சைக்கா? இந்தக் காத்துக்கு நல்லாப் பாடும். எங்க தெரு டீச்சரும் நேத்துத்தேன் ஒரு பை குடுத்தாக."

செல்வியிடம் எதுவும் சுலபத்தில் குப்பைக்குப் போகாது. கிழிந்த சேலைகள் தோட்ட ஓரத்தில் காற்றைத் தடுக்கின்றன; குலை வெட்டிப் போடக் காலி பெயிண்ட் வாளிகள். கேசட் நாடாவை உருவி, பந்தலுக்கு மேலே கம்புக்குக் கம்பு இரண்டு முறுக்கு விட்டுக் கட்டினோம். காற்றுப் பட்டால் விர்ரென்று இரைகிறது, வெயிலில் மின்னுகிறது. இரண்டும் கிளிக்கு ஆகாது. மூன்று மணி நேரக் கேசட்டில் கால் கிலோமீட்டர் நாடா இருக்கிறது.

இரண்டு மணிக்குப் பத்து கேசட் தீர்ந்தது. கிளிகள் முதலில் இறங்கும் வாய்க்கால் ஓர வரிசை மட்டும் பாக்கி. கடைசிக் கேசட்டின் லேபிளைப் பார்த்ததும் செல்வி கையை எடுத்துக்கொண்டாள். என் கல்யாணக் கேசட். பரண் இருட்டில் அதையும் சேர்த்து அள்ளியிருக்கிறேன்.

"இது வேணாங்க்கா. மாமா வைவாக."

பூஞ்சை பிடித்த கேசட்தான். மதுரையில் மூன்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆனாலும் தூக்கிப் போட மனம் வராமல் இருபத்திரண்டு வருடம் வைத்திருந்தேன். கணவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஓடாத கேசட்ட வச்சு என்ன செய்ய? அந்தப் புள்ள வெள்ளாமைதேன் பெருசு. கட்டச் சொல்லு."

கட்டினோம். நாலரை மணிக்கு வாய்க்கால் மரங்களிலிருந்து முப்பது கிளிகளாவது கிளம்பி வந்தன. செல்வி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். காற்று எழுந்தது, நாடா இரைந்தது. கூட்டம் பந்தல் வரை வந்து, ஒரு வட்டம் அடித்து, மேலே ஏறிப் போய்விட்டது. அந்தக் கேசட்டைப் பற்றி நான் அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

கொண்டு போக நினைப்பவர்களுக்கு: வீடியோ கேசட்தான் வேண்டும், பாட்டுக் கேசட் நாடா மெல்லியது, அறுந்துவிடும். முதலில் தோட்டக்காரரைக் கேளுங்கள். வெட்டு முடிந்ததும் நாடாவைத் திரும்பச் சுற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடு தின்றுவிடும். எங்கள் கல்யாண நாடாவைச் செல்வி தனியாகச் சுற்றி, அடுத்த வெட்டுக்கும் வாய்க்கால் ஓரத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

புதன்கிழமை அந்த வரிசையில் ஒரு குலைகூடக் கொத்துப்படவில்லை. அதில் முதல் குலையை மதுரைக்குக் கொண்டு வந்து கணவரிடம் கொடுத்தேன். கழுவக்கூட இல்லை, நின்றபடியே பாதியைத் தின்று, மீதியை என்னிடம் நீட்டினார்.