மீனுக்குப் பசிக்கும் நாட்கள்

என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தபோது, எல்லோரும் கொண்டுவருகிற தைலமும் போர்வையும் அவர் பெட்டியில் இல்லை. மடக்கினால் முழ நீளமும் இழுத்தால் ஆள் உயரத்துக்கு மேலும் வரும் ஒரு தூண்டில் கம்பு, அதற்கு ஒரு ரீல், பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் தவளை. இவ்வளவுதான் இருந்தன.

தவளையைப் பார்த்ததும் என் மாமியார், "இது யாருக்குலே?" என்று கேட்டார்.

"மீனுக்கும்மா" என்றார் இவர்.

அப்போது ஆவணி மாதம். சங்கரன்கோவிலில் மீன் இருந்த ஒரே இடம் மார்க்கெட் ஐஸ் பெட்டிதான்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதோறும் விடுமுறை. அறையில் கூட இருந்த ஒரு மலையாளி இவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் போடப் பழக்கியிருக்கிறார். போனில் ஒரு ஆப்பும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த ஆப், வளர்பிறை, தேய்பிறை, காற்றின் திசை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இன்றைக்கு மீனுக்குப் பசிக்குமா பசிக்காதா என்று நட்சத்திரம் போட்டுச் சொல்லும். நாலு நட்சத்திரம் என்றால் மீன் கொலைப்பசியில் இருக்கிறது. ஒன்று என்றால் வயிறு நிறைந்து கிடக்கிறது. இதை இவர் எனக்கு விளக்கிய விதத்தில் எனக்கே லேசாகப் பசி எடுத்தது.

எங்கள் தெருவைத் தாண்டி ரோட்டைக் கடந்தால் குளம். குளம் என்று சொல்வது வழக்கத்துக்காக. வருஷத்தில் பாதி நாள் அதில் சீமைக்கருவேலமும் கிரிக்கெட்டும்தான். இவர் தினமும் அங்கே போய்க் காய்ந்த தரையில் நின்று தூண்டிலை வீசிப் பழகினார். ஒருநாள் கொக்கி பறந்து போய், அங்கே ஆடு மேய்க்கிற அண்ணாச்சியின் தலைத்துண்டைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு விசாரித்தார்.

"என்னத்த வே பிடிக்கீரு?"

"பழகுதேன், அண்ணாச்சி."

"தண்ணியே இல்லையே, எதுக்குப் பழகுதீரு?"

"தண்ணி வந்த பொறவு பழகுனா மீனு உஷாராயிரும்லா."

அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அதுவும் சரிதான் என்று தலையாட்டிப் போனார்.

ஐப்பசியில் மழை வந்தது. குளம் நிறைந்தது. மீன் குத்தகை எடுத்திருந்தவர், ஒரு தூண்டில்தானே, போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஆப்புக்கு ஒரு சிக்கல். கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட, பக்கத்தில் எந்தக் கடல் என்று அது கேட்டது. இவர் தூத்துக்குடி என்று போட்டார். அன்றிலிருந்து எங்கள் குளத்துக்குத் தினமும் இரண்டு தடவை கடல் ஏற்றம் வரத் தொடங்கியது.

"இன்னைக்கு மத்தியானம் ஏத்தம், அண்ணாச்சி" என்று இவர் ஆட்டுக்கார அண்ணாச்சியிடம் சொல்வார்.

"அப்பம் ஆட்டை மேட்டுப் பக்கம் ஓட்டணுமோ?"

"ஓட்டுனா நல்லது."

அவர் ஓட்டுவார். தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

பெரிய முட்டுக்கட்டை வீட்டுக்குள்ளே இருந்தது. என் மாமியார் விரதங்களில் கறார். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், செவ்வாய், வெள்ளி என்று எந்த நாளிலும் எங்கள் அடுப்பில் மீன் ஏறாது. ஆப்போ நாலு நட்சத்திரத்தை அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது. இவர் நாள்காட்டியையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மீனுக்குப் பசிக்கிற நாளில் எங்கள் வீட்டில் பசிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பசிக்கலாம் என்கிற நாளில் மீன் ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது.

வேறு வழியில்லாமல் இவர் ஒற்றை நட்சத்திர நாட்களில் போனார். நான் மிளகாயும் மல்லியும் வறுத்து, தேங்காய் சேர்த்து, மீன் குழம்புக்கு மசாலா அரைத்து வைப்பேன். இவர் வெறுங்கையோடு வருவார். முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா, ஆப்பு சொன்ன மாதிரியே ஒண்ணுகூடக் கடிக்கல."

"அதுல என்ன சந்தோசம்?"

"கணக்குத் தப்பலைல்லா!"

மசாலாவில் வாழைக்காயைப் போடுவேன். அந்த மாதம் நாங்கள் தின்ற வாழைக்காய்க்கு அளவில்லை. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் போகப்போக, அம்மிக்குப் போவதற்கு முன் நானே முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். காற்று மேற்கே இருந்து வந்தால் தேங்காய் உடைக்க மாட்டேன். எதற்காக என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

கார்த்திகை அமாவாசைக்கு ஆப் நாலு நட்சத்திரம் காட்டியது. மேகமூட்டம், காற்றழுத்தம் குறைவு, சாரல். எல்லாம் கூடி வந்திருந்தது. இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சுற்றியதைப் பார்த்து மாமியார் இறங்கி வந்தார்.

"போலே. ஆனா உசுரோட கொண்டாந்து டிரம்முல போடணும். மறுநாளு பாத்துக்கிடுவோம். நானும் வாரேன். நீ அங்கனயே சுட்டுத் தின்னுட்டு வாயைத் தொடச்சிட்டு வந்துருவ."

குடையோடு அவர் முன்னே போக, நான் வாளியோடு பின்னே போனேன்.

கரையில் நின்று இவர் வீசினார், சுற்றினார், மறுபடி வீசினார். ரப்பர் தவளை போய்ப் போய் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போகப்போக ஆப்பில் நட்சத்திரம் நாலிலிருந்து மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் ஒன்றாகிவிட்டது. இவர் முகம் வாடிப்போய்க் கம்பை அம்மாவிடம் கொடுத்தார்.

"சும்மா பிடிச்சிட்டு இரும்மா. கடிக்கிற நேரம் முடிஞ்சிட்டு. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

டீக்கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். மாமியார் ஒரு கையில் குடையும் மறு கையில் கம்புமாக நின்றார். சாரலில் அவருக்குக் குளிரெடுத்துக் கை நடுங்கியது. கை நடுங்க நடுங்க, தண்ணீரில் தவளை நிஜத் தவளை மாதிரியே துள்ளித் துள்ளி நீந்தியது. திடீரென்று தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. குடை பறந்தது.

"ஏட்டி, இழுக்குதுட்டி!"

"விட்டுராதீங்க, அத்த!"

"விட மாட்டேன். ஆனா இழுக்கவும் மாட்டேன். இன்னைக்கு அமாவாசை!"

சத்தம் கேட்டு ஆட்டுக்கார அண்ணாச்சி ஓடி வந்தார். வந்தவர் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை.

"சாமி சரணம். மாலை போட்டிருக்கேன், ஆச்சி. கைய வைக்க முடியாது. வேணும்னா வாயால சொல்லுதேன்."

"சொல்லித் தொலையும்!"

"இடது பக்கம் சாயுங்க, ஆச்சி. கோரைக்குள்ள போக விட்டுராதீய."

பின்னால் ரோட்டில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் கறுப்பு வேட்டிதான். அவர்களும் வாயால் உதவினார்கள். ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார். மாமியார் இரண்டு பக்கமும் சாய்ந்தார்.

அங்கே விரதம் இல்லாத ஒரே ஆள் நான். உயிருள்ள மீனை அதுவரை தொட்டதில்லை என்றாலும் ரீலைப் பிடித்துச் சுற்றினேன். அதை எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நூல் விடுவிடுவென்று தண்ணீருக்குள் போனது. அதற்குள் இவர் டீ கிளாசைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். வந்தவர் கம்பை வாங்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தார்.

"இப்பம் ஒத்த நட்சத்திரம்தானே? எப்படிக் கடிக்கும்?"

"மொதல்ல இத வாங்குலே, மூதி!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன.

வாங்கினார். இழுத்தார். என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், வாயில் பச்சைத் தவளையோடு கரையேறியது. "சாமியே!" என்றார்கள் மூன்று பேரும். மாமியார் குளத்தில் இறங்கித் தலைமுழுகிவிட்டு ஈரப் புடவையோடு வீட்டுக்கு நடந்தார்.

விரால் துள்ளும் என்பதால் டிரம்மை மூடி மேலே அம்மிக்குழவியை வைத்தோம். மறுநாள் காலையில் நான் மசாலா அரைத்து முடிக்கிற நேரத்தில் மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"அதக் கொல்லப்பிடாதுட்டி."

"ஏன், அத்த?"

"அமாவாசையும் அதுவுமா என் கையத் தேடி வந்திருக்கு. உங்க மாமா வாரதுன்னா வேற என்னைக்கு வருவாரு? நீயே போய்ப் பாரு. அதே முறைப்பு."

என் மாமனாரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். விரால் முறைத்தது உண்மைதான். மாமியார் கொஞ்சம் தயிர்ச்சோற்றை உருட்டிப் போட்டார். அது சீண்டவே இல்லை.

"பாத்தியா? அவரும் தயிர்ச்சோறு தொட மாட்டாரு."

என் கணவரின் கவலை வேறு. இரவெல்லாம் யோசித்து, ஒற்றை நட்சத்திரத்தில் மீன் கடித்ததற்குக் காரணம் கண்டுபிடித்திருந்தார். நட்சத்திரம் தூத்துக்குடிக் கணக்காம். ஏற்றம் அங்கிருந்து புறப்பட்டு எங்கள் குளத்துக்கு வந்து சேர நேரமாகத்தானே செய்யும்? ஆகவே ஆப் தப்புச் செய்யவில்லை. நாங்கள்தான் அவசரப்பட்டு வருத்தப்பட்டுவிட்டோம்.

"திருப்பிக் குளத்துலயே விட்டுரு" என்று மாமியார் சொன்னதும், இவர் உடனே போனைப் பார்த்தார். மீனுக்குப் பசியே இல்லாத நேரமாகப் பார்த்துத் தண்ணீரில் விட்டால்தான், போன வேகத்தில் வேறு எவன் கொக்கியையும் கடிக்காதாம். அதில் மாமியாருக்கும் இவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. சாயங்காலம் மூன்று பேரும் போனோம். மாமியார் வாளியை மெல்லச் சாய்த்து, "பாத்துப் போங்க" என்றார். விரால் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே போனது.

கரைக் கல்லில் உட்கார்ந்தோம். தூறிக்கொண்டிருந்தது.

"அங்கன கடல்ல நெறைய மீனு கெடைக்குமாலே?" என்று மாமியார் கேட்டார்.

"எப்பமாச்சும் கெடைக்கும்."

"பொறவு எதுக்குப் போவ?"

இவர் கம்பை மடக்குவதும் இழுப்பதுமாக இருந்தார். "வெள்ளிக்கெழமை முச்சூடும் ரூமுல படுத்துக் கெடந்தா ஊரு நெனப்பாவே வரும்மா. அடுத்த வாரம் நாலு நட்சத்திரம்னு அதுல போட்டிருந்தா, அந்த ஒரு வாரம் ஓடிரும்."

மாமியார் தன் முந்தானையை இழுத்து, நரை விழத் தொடங்கியிருந்த மகன் தலையில் போட்டார். நான் வேறு பக்கம் திரும்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இவர் டவுனில் ஏசி, பிரிட்ஜ் வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அமாவாசை விரால் கதை ஊருக்குள் பரவிவிட்டது. பரவும்போது எப்படியோ, இவர் நேரம் குறித்துக் கொடுத்துத்தான் மீன் வந்தது என்று ஆகியிருந்தது. தன் தூண்டிலில் தானாக ஒரு மீன்கூடப் பிடிக்காத மனிதரிடம் ஊர் வானிலை கேட்க வந்தது. ஆட்டுக்கார அண்ணாச்சி வயலில் ஆட்டுக்கிடை போட நாள் கேட்டார். புளியங்குடி மண்டியிலிருந்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் போன் செய்து, நாளைக்கு லோடு ஏற்றலாமா என்றார். இவர் யாரையும் ஏமாற்றவில்லை. போனைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, பிறையைக் கணக்குப் போட்டு, மனப்பூர்வமாகத்தான் சொன்னார். சொன்னது நடந்தால் ஒரு விளக்கம் கொடுத்தார், நடக்காவிட்டால் இன்னும் நீளமான விளக்கம் கொடுத்தார். ஜனங்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடித்தது.

மாசியில் மாமியார் மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழியப் போனார். மழை வருமா என்று மகனிடம் முறையாகக் கேட்டுவிட்டுத்தான் போனார். "ஒரு பொட்டு வராதும்மா" என்றார் இவர். வத்தல் பாதி காய்ந்திருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து கொட்டித் தீர்த்தது. நாங்கள் மாடிக்கு ஓடினோம். மழையில் நனைந்தபடியே இவர், மலைப்பக்கம் காற்றழுத்தம் எப்படித் திடீரென்று இறங்கியது, தேய்பிறையில் அது ஏன் இயற்கைதான் என்று அம்மாவுக்கு நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். மாமியார் கரைந்து ஓடும் வத்தலைப் பார்த்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா வெளங்கிட்டு" என்றார். "அந்தப் பக்கத்து முனையப் பிடிலே, துணிய மடக்குவோம்."