கத்தரிக்கோலுக்கு வெளியே நின்ற வரி

சென்ற ஆண்டு மாசி மாதம், மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழாவின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மேசையில் அன்றைய நாளிதழை விரித்து வைத்து, கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பள்ளி நாள் முதலே ஒரு பழக்கம். மழை விடுமுறை, திருவிழா விடுமுறை, அணை திறந்த நாள், பேருந்துக் கட்டணம் மாறிய நாள் என்று மாவட்டத்துச் செய்திகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் கிழமையும் எழுதுவேன். வகுப்பில் யாருக்காவது ஒரு தேதி வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது நானும் என் தோழியும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளை முடிக்கும் கட்டத்தில் இருந்தோம். வார நாட்களில் அருமனைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல், நான்காம் ஆண்டு. சனி, ஞாயிறுகளில் நாகர்கோவில் படிப்பு மையத்தில் தொலைநிலைக் கல்வியாக இயற்பியல், மூன்றாம் ஆண்டு. இரண்டு பல்கலைக்கழகங்கள், ஒன்றின் கால அட்டவணை மற்றொன்றுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் நான் ஓர் அட்டவணை போடுவேன். பொறியியலுக்கு நீலம், இயற்பியலுக்குப் பச்சை, விடுமுறைக்குச் சிவப்பு. தோழி அதன் நகலை வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாள். பல்கலைக்கழகம் அனுப்பும் அறிவிப்புகளை அவள் படிப்பதே இல்லை. என் தாள் இருந்தால் போதும் அவளுக்கு.

அவள் மண்டைக்காட்டை அடுத்த ஒரு கடற்கரை ஊர்க்காரி. அப்பா மீன்பிடிப்பவர். கடல் அலைகளை அளக்கும் கருவிகள் பற்றிய மேற்படிப்பு ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்கு அந்த ஆண்டே இரண்டு பட்டங்களும் கையில் இருக்க வேண்டும். ஒரு தாளில் தேர்ச்சி தவறினாலும் இடம் போய்விடும்.

இயற்பியல் செய்முறைத் தேர்வு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்று முதலில் பச்சையில் எழுதியிருந்தேன். பிறகு கொடைவிழாவுக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை என்ற செய்தி வந்தது. கத்தரித்து ஒட்டினேன். பச்சையை அடித்துச் சிவப்பில் 'விடுமுறை' என்று எழுதி, தோழியிடமும் சொன்னேன். மையத்தில் யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஒன்பது ஐந்துக்கு மையத்து ஆய்வக உதவியாளர் அக்கா அழைத்தார்.

"மக்கா, நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கிய? ஒன்பதரைக்கு பரிட்சை. எக்ஸாமினர் வந்தாச்சு."

"இன்னைக்கு லீவுல்லா அக்கா?"

"லீவு பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும். பரிட்சைக்கு யாரு லீவு விட்டா?"

உடனே தோழியை அழைத்தேன். அவள் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிப்பதற்காக உட்கார்ந்திருந்தாளாம்.

"ஏட்டி, வெளையாடாத. நீதானே லீவுன்னு சொன்ன?"

"நாந்தான் சொன்னேன். தப்பாப் போச்சு. உடனே கெளம்பு."

"எப்பிடி கெளம்ப? இங்க ரோட்டுல சைக்கிள் போவ எடமில்ல. பஸ்ஸெல்லாம் சுத்தி விடுதாவ." சொல்லிக்கொண்டே அவள் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "வாறேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

என் வீட்டிலிருந்து மையம் ஸ்கூட்டரில் பத்து நிமிடம். நான் ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்விட்டேன். தேர்வாளர் வெளி மாவட்டத்துப் பேராசிரியை. தவறு முழுவதும் என்னுடையது, தோழிக்குப் பங்கில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பட்டியல்ல இருக்கிற நேரம்தாம்மா நேரம். பத்து மணிக்குள்ள வரலைன்னா ஆப்சென்ட். அடுத்த வருஷம் எழுதலாம்," என்றார். மதியக் குழுவில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். கருவிகள் தலைக்கு ஒன்றுதான். அங்கே ஒருவர் இடம் மாற்றிக்கொண்டால் மட்டும் முடியும், இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்றார். மதியத் தேர்வு ஒன்றரைக்கு. காலை ஒன்பதரைக்கு மதியக் குழுவில் யார் வந்திருக்கப் போகிறார்கள்?

ஒருவர் வந்திருந்தார். வராந்தாவின் கடைசியில், மடியில் புத்தகத்தோடு. எங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பின் பெஞ்சில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கொடை நாளில் பேருந்தை நம்ப முடியாது என்று முதல் வண்டியிலேயே வந்து, மீதி நேரத்தில் படிக்கலாம் என்று இருந்தார்.

நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"மத்தியானத்துக்குள்ள அவிய வந்திருவாவளா?"

"தெரியாது," என்றேன். உண்மை அதுதான்.

அவர் புத்தகத்தை மூடினார். "செரி, கடுதாசி எழுதுங்க. காலப் பரிட்சைக்கு நான் இப்பம் கேறுதேன்."

கடிதத்தை நானே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். தோழியின் சம்மதத்தைக் கைப்பேசிப் படமாக வாங்கிக் காட்டினோம். பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தேர்வாளர் பட்டியலில் எண்களை மாற்றினார்.

எங்கள் தேர்வில் சோதனையைச் சீட்டெடுத்துத்தான் தருவார்கள். அவருக்கு வந்த சீட்டு, ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "காலைல வந்து படிக்கலாம்னு வச்சிருந்தது இது ஒண்ணுதான்," என்றார்.

அந்த மூன்று மணி நேரமும் என் மேசையில் இருந்த அளவுகளைவிட அவர் மேசையைத்தான் அதிகம் பார்த்தேன். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவர் தொலைநோக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். விளக்கொளி நுழையும் பிளவின் பிம்பம் கிடைக்கவே வெகு நேரம் ஆனது. மணி அடித்தபோது கணக்கீட்டுப் பக்கம் பாதி காலியாக இருந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தோழி பதினொன்றே முக்காலுக்கே வந்து வராந்தாவில் காத்திருந்தாள். வெகுதூரம் நடந்து, கேரளத்திலிருந்து கோயிலுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்களின் வேனில் ஏறி வந்தாளாம். எண்ணெய்த் தலை அப்படியே. நெற்றியில் அந்தப் பெண்கள் பூசிவிட்ட மஞ்சள்.

"எனக்க அம்மை பாத்தா சர்ச்சுக்குள்ள விடமாட்டா," என்றாள். பிறகு, "ஒனக்க சுவத்து பேப்பர இன்னைக்கே கிழிச்சிப் போடுதேன் பாத்துக்கோ."

நான் இடம் மாற்றிக் கொடுத்தவரைக் காட்டினேன். அவள் நன்றி சொல்ல எழுந்தாள். அவர், "உள்ள போறதுக்கு முன்ன கைல உள்ள எண்ணெயக் களுவுங்க. லென்ஸ்ல பட்டா திட்டுவாவ," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். விடுமுறைச் செய்தி கச்சிதமான செவ்வகமாக ஒட்டப்பட்டிருந்தது. பழைய நாளிதழ்க் கட்டிலிருந்து அந்த இதழைத் தேடி எடுத்தேன். நான் வெட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில், அடுத்த பத்தி வரிசையின் மேலே, அந்தச் செய்தியின் கடைசி வரி தனியாக நின்றது. தேர்வுகளுக்கு இந்த விடுமுறை பொருந்தாது. ஓரம் நேராக இருக்க வேண்டும் என்று நான் வெளியே விட்டிருந்தேன்.

மூவருமே தேர்ச்சி பெற்றோம். தோழி இப்போது அந்த மேற்படிப்பில் இருக்கிறாள். கடிதத்தில் எழுதியதால் இடம் மாற்றிக் கொடுத்தவரின் பதிவெண் எனக்கு நினைவிருந்தது. மையத்துப் பலகையில் தேடிப் பார்த்தேன். எழுத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண்கள். செய்முறையில் மட்டும் தேர்ச்சிக் கோட்டை ஒட்டி நின்றிருந்தார். இயற்பியல் பட்டத்தை வைத்து அவரும் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பித்தார். மதிப்பெண் வரிசையில் முதல் சுற்றில் இடமில்லை, அடுத்த சுற்றில் கிடைத்தது. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பணிமனை உடையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதில் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எந்த அளவை எழுதினாலும் அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது இயற்பியலில் முதல் நாள் பாடம். செய்முறைப் பதிவேட்டில் தவறாமல் எழுதினேன். தேதிகளுக்கு அது தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். இப்போதெல்லாம் செய்திகளைக் கோணல்மாணலாக, நான்கு பக்கமும் தாராளமாக ஓரம் விட்டே வெட்டுகிறேன். அந்த ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம், என் பிழையின் அளவைத் தன் மதிப்பெண்ணில் ஏற்றுக்கொண்ட ஒருவரின் பாதி காலியான பக்கம் கண்முன் வந்து நிற்கிறது.