விளக்கு வைத்த பிறகு

சொர்ணம்மாளுக்கு நான் நாற்பத்திரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தேன். வாங்கிய வருஷம் 1950. வட்டி பேசவில்லை, சீட்டு எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெருமையைப் பேச ஆரம்பித்தால் மறந்துபோகும்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில், மூன்றாம் வகுப்புப் படிப்போடு, மாற்றுவேட்டி இல்லாமல் திருவனந்தபுரம் வந்தவன் இந்த இசக்கிப்பாண்டி. சாலைக் கடைத்தெருவில் இருபது வருஷம் மூட்டை சுமந்தேன். இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் ஏற்றி ஆரியசாலைவரை நடந்தவன் நான் ஒருவன்தான். சந்தேகம் இருந்தால் தாசையனைக் கேட்கலாம், அவன் இன்றும் அங்கேதான் சுமை எடுக்கிறான். அப்புறம் வற்றல்மிளகாயும் மல்லியும் வைத்துச் சொந்தக் கடை. இருபத்தொன்பது வருஷம். மணக்காட்டில் ஓட்டுவீடு கட்டினேன். கணக்கெல்லாம் மனசிலேயே போடுவேன். படித்தவன் பேனாவைத் திறக்குமுன் நான் விடை சொல்லிவிடுவேன்.

1979 ஓணத்து வியாபாரம் முடிந்த கையோடு சாவியை மூத்தவன் வன்னியராஜிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்வது எவ்வளவு சுகம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நாற்பத்தொன்பது வருஷம் நின்றே டீ குடித்தவன் நான். இப்போது கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆறினாலும் ஆறட்டும் என்று குடித்தேன். மழை விட்டு, மலையாளக் கன்னி மாத வெயில் வந்திருந்தது. காலையில் தும்பிகள் பயற்றங்கொடிமேல் கூட்டமாகப் பறக்கும். சாயங்காலம் சங்குமுகம் கடற்கரைவரை நடந்துபோய் மணலில் காலை நீட்டிக்கொள்வேன். திரும்பி வரும்போது ஒரு தூறல் நனைக்கும். யாரும் ‘கடையில் ஆளில்லையா’ என்று கேட்கப்போவதில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய லாபம் ஒன்று. மிளகாய்க் கடைக்காரனுக்கு மூக்கு கிடையாது. நெடி ஏறி ஏறி எனக்கு எதுவுமே மணத்ததில்லை. கடையை விட்டுப் பத்து நாளில் மூக்கு திரும்பி வந்தது! நனைந்த மண், உலர்த்திய துணி, பக்கத்து வீட்டில் வறுக்கிற மீன் என்று குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக மோந்துகொண்டு திரிந்தேன்.

அந்த மூக்குதான் என்னை மாட்டிவிட்டது. நவராத்திரிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மத்தியானம் நாச்சியார், அதாவது என் வீட்டுக்காரி, மரச்சீனிக்கிழங்கு அவித்துக் காந்தாரிமிளகாய்ச் சட்டினியோடு தட்டில் வைத்தாள். ஆவி மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

“ஏன், கெழங்கையே பாத்துட்டு இருக்கிய? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி.”

“சொர்ணக்கா பெட்டி மணம் வருது.”

“அப்போ மூக்கு வந்துட்டு. நாணமும் வந்துட்டுன்னா சரியாப்போவும்” என்றாள் அவள்.

சொர்ணம்மாள் நாகர்கோவில் பக்கத்துக்காரி. எனக்கு ஆறேழு வயது மூத்தவள். பனம்பெட்டியில் அவித்த கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து சாலையில் சுமை எடுக்கிறவர்களுக்கு விற்பாள். நான் கடைக்கு முன்பணம் கட்ட முடியாமல் நின்றபோது, கிழங்கு விற்றுச் சேர்த்த நாற்பத்திரண்டு ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்தாள்.

ஏன் திருப்பித் தரவில்லை? பணம் இல்லாமலா? முதல் வருஷமே இருந்தது. ஆனால் கடை போட்டவனுக்கு முறைகள் உண்டு. காலையில் போணி ஆகுமுன் கல்லாவிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கூடாது. செவ்வாய், வெள்ளி கூடாது. அமாவாசை கூடாது. நான் இதை மற்றவர்களைவிட அதிகமாகவே கடைப்பிடித்தேன், அதனால்தான் முன்னுக்கு வந்தேன் என்று நம்பினேன். நடுவில் கிடைக்கிற நேரத்தில் லோடு வரும், மறந்துபோகும். ஆறு வருஷம் அப்படியே போயிற்று. அவளும் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை கேட்டாள். 1956, ஒரு வெள்ளிக்கிழமை. கல்லாப்பெட்டிமேல் விளக்கு அப்போதுதான் ஏற்றியிருந்தேன். மகளுக்கு வலி எடுத்துவிட்டது, குழந்தை குறுக்கே கிடக்கிறதாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“விளக்கு வச்சாச்சுல்லா யக்கா. நாளைக்குக் காலம்பற வா” என்றேன்.

அவள் வரவில்லை. அதன்பிறகு சாலைக்கே வரவில்லை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு மூட்டை சுமந்தவனுக்கு!

நாச்சியார் தட்டை என் பக்கம் தள்ளினாள். “இப்பம் கடையும் இல்ல, போணியும் இல்ல. இனி எதைச் சாக்குச் சொல்லுவிய?”

கிழங்கைத் தொடாமல் எழுந்தேன். சாவியைக் கொடுத்த பிறகு மடியில் வெற்றிலைக் காசுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. சாலைக்கு நடந்தேன். வழியில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துப் பேசியதில், கடைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

“லேய், நூறு ரூவா எடு” என்றேன் வன்னியராஜிடம்.

அவன் நெளிந்தான். “அப்பா, வெள்ளிக்கிழமை. அமாவாசை வேற. விளக்கும் வச்சாச்சு. நீங்கதான சொல்லித் தந்திய? நாளைக்குக் காலம்பற போணி ஆவட்டும், தாரேன்.”

என் குரல் அவன் வாயிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைக் கேட்கிறவர் எப்படி நிற்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தாசையன் சிரித்தான். “பையன் தொழிலை நல்லாப் படிச்சிருக்கான், கேட்டியளா மொதலாளி.”

“சிரிக்காத. சொர்ணக்கா உயிரோட இருக்காளா?”

“பின்னே? கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வேப்பமரத்து முக்குல வீடு. இத்தனை வருசத்துல இப்பமாவது கேட்டியளே.”

வீட்டுக்குத் திரும்பினேன். நாச்சியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அரிசிப்பானைக்குள் கைவிட்டு, பத்துத் தாளும் ஒற்றைத் தாளுமாக நூறு ரூபாய் எடுத்துத் தந்தாள்.

அன்றைக்குப் பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரிக்குச் சாமிகள் ஊர்வலமாக வருகிற நாள். கரமனை ரோட்டில் வீட்டுக்கு வீடு வாசலில் குத்துவிளக்கும் பூத்தட்டும் வைத்துக் காத்திருந்தார்கள். வேப்பமரத்தடி வீட்டில் ஒரு கிழவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதுத் துளைகள் வெறுமையாகத் தொங்கின. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருத்தி குனிந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

“யாரது?”

“நான்தான் யக்கா, இசக்கி.”

கிழவி கண்ணைச் சுருக்கினாள். “எந்த இசக்கி? ரெண்டு மூட்டை இசக்கியா, நாளைக்கு வா இசக்கியா?”

“ரெண்டும் நான்தான்” என்றேன். “யக்கா, அன்னைக்கு... உன் மக...”

“இந்தா நிக்காளே, பூமாரி. கம்மலை வித்துக் கொண்டுபோனேன். நல்லபடியாப் பெத்துட்டா. பேத்திக்கு இருபத்திமூணு வயசு, பள்ளிக்கூடத்துல டீச்சர்.”

மூட்டையை இறக்கிவைத்த மறுநிமிஷம் சுமைக்காரனுக்குக் கால் தரையில் பாவாது. காற்று தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இருபத்துமூன்று வருஷம் கழித்து அப்படி நின்றேன். பூமாரி நிமிர்ந்து, யாரோ பழைய ஆள் என்று நினைத்துச் சிரித்தாள்.

நூறு ரூபாயையும் நீட்டினேன். “எல்லாத்தையும் வச்சுக்க யக்கா. நான் பழைய இசக்கி இல்ல. மணக்காட்டுல வீடு...”

“கட்டினது தெரியும். உன் பெருமை எனக்கு எதுக்கு? என் ரூவாயைத் தா. நாப்பத்திரண்டு.” கையை நீட்டியவள் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஏலே, வெள்ளிக்கிழமைல்லா! விளக்கு வேற எரியுது. நாளைக்குக் காலம்பற வரட்டா?”

பூமாரிகூடச் சிரித்தாள். பாலத்துப் பக்கம் மேளம் கேட்டது. யானை வந்துகொண்டிருந்தது.

“எனக்கு இனி வெள்ளியும் இல்ல, செவ்வாயும் இல்ல. கடையை விட்டாச்சு யக்கா.”

“அப்போ எண்ணு. சத்தமா எண்ணு, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவள் கையை விரித்து விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் ஒவ்வொரு தாளாக வைத்தேன். பத்து. இருபது. முப்பது. நாற்பது. ஒன்று. இரண்டு.