யோகம் அக்காவின் வளவில் மரப்போட்டி

மரங்களை அடையாளம் காணும் போட்டிக்கு முதல்நாள் காலை யோகம் அக்காவின் வளவுக்குப் போனேன். முந்தின மாலை பிள்ளைகளோடு சேர்ந்து கட்டிய இலக்க மட்டைகளில் ஒன்றுகூட மரத்தில் இல்லை. குரங்கின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குரங்கு கயிற்றைச் சுருட்டி வைக்காது. மட்டைகளை எல்லாம் வாசல் படலையடியில் அடுக்கி, மேலே கல் வைத்திருந்தது.

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றில் நான் விஞ்ஞானம் படிப்பித்த கடைசி வருடம் அது. வலயப் போட்டியை நடத்தும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. பாடசாலை வளவில் நின்றதெல்லாம் வேம்பு. அதை முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். எதிரே யோகம் அக்காவின் காணியில் பாலை, வீரை, வாகை, இலுப்பை, மா, பலா எல்லாம் கலந்து நின்றன. கேட்டபோது, "பிள்ளையள் வந்து பார்க்கட்டும், சேர்" என்று சந்தோசமாகச் சொன்னவர் அவர். மட்டை கட்டுவது பற்றி அப்போது பேச்சு வரவில்லை.

"ஏனக்கா கழட்டினனீங்கள்?"

"மரத்தில நம்பர் விழுந்தா அது அரச காடு, சேர். பக்கத்துக் காணிக்கு அப்பிடித்தான் நடந்தது. முதல் நம்பர், பிறகு எல்லைக்கல்லு."

போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது அவருடைய காணிக்குள் காடு ஏறியிருந்தது. காணி உறுதிப் பத்திரம் ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. இது குடியிருந்த நிலம் என்று காட்ட, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஆணி அடிக்கேல்லை அக்கா. கயிறுதானே கட்டினது."

"கல்லுப் போட முன்னமும் கயிறு பிடிச்சுத்தான் அளந்தவை."

எனக்குக் கோபம் வந்தது. விடிந்தால் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கப்போகிறார்கள். கடைசியில் அவரே வழி விட்டார். "மரத்தைப் பார்க்கட்டும். ஒண்டும் கட்ட வேண்டாம்."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மட்டை கொடுத்தேன். மரத்தடியில் மட்டையைப் பிடித்தபடி நிற்க வேண்டும், சிநேகிதர் வந்தாலும் வாய் அசையக் கூடாது. பிற்பகல் முழுவதும் அந்தப் பயிற்சிதான். விடைத்தாளைத் திரும்ப அச்செடுத்தபோது ஒரு கேள்வியையும் கூட்டினேன்: இம்மரம் தானாக வளர்ந்ததா, நட்டதா? நட்டது யார்? காணிக்காரரிடம் கேட்கலாம்.

போட்டியன்று குழப்பத்துக்குக் குறைவில்லை. ஒருவன் மட்டையோடு தண்ணீர் குடிக்கப் போய், திரும்பி வந்து வேறு மரத்தடியில் நின்றுகொண்டான். இலக்கம் மாறிப்போனதென்று இரண்டு பாடசாலை ஆசிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். கரையோரத்தில் இருந்து வந்த பிள்ளைகள் பாலைக்கும் வீரைக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிசினார்கள்.

கூட்டம் என்னவோ யோகம் அக்காவைச் சுற்றித்தான். மாமரத்தின் கீழ் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்.

"மா என்ரை அவர் வைச்சது. பலா மாமி வைச்சது. பாலை எங்களுக்கு முன்னமே நிண்டது. அதை விட்டுட்டுத்தான் காணி வெட்டினவை."

நடுவர் என்னிடம் வந்தார். "இது பாடத்திட்டத்தில இல்லையே, சேர்?"

"இல்லை. ரெண்டு புள்ளி குடுங்கோ."

ஒரு பிள்ளை வாகையைக் காட்டியது. "இது ஆர் வைச்சது, அம்மம்மா?"

அவர் வாகையை அண்ணாந்து பார்த்தார். "ஒருத்தரும் இல்லை. நாங்கள் இல்லாத காலத்தில தானா வந்தது. வேணுமெண்டா அரசாங்கம் அதை எடுக்கட்டும்." பிறகு பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தார். "மற்ற மரங்களுக்கு எங்கட பேரை வடிவா எழுதுங்கோ, பிள்ளை."

பிள்ளைகள் எழுதிய தாள் எந்த அலுவலகத்திலும் காணி உறுதியாகச் செல்லாது. அது அவருக்கும் தெரியும். ஒரு மரத்தின் பெயரைச் சொன்னால் ஒரு புள்ளி என்றுதான் நான் காலம் முழுக்கப் படிப்பித்தேன். அது யாருடைய மரம் என்று கேட்க, ஓய்வு பெறப் போகிற வருடத்தில்தான் படித்தேன்.