குளிப்பாட்டுகிறவளின் வலது கை

குளிக்கும்போது சோப்புப் போட்ட விரலில்தான் அது தட்டுப்பட்டது. வலது மார்பின் ஓரத்தில், அக்குளை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. அமுக்கிப் பார்த்தேன், நகரவில்லை.

எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. படித்துத் தெரிந்துகொண்டதல்ல. பூந்தமல்லியில் எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெண் மௌத்தானால் (இறந்தால்) குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக அதைச் செய்துவந்தேன். அல்லாஹ்வுக்காகச் செய்வது, கூலி கிடையாது. ஒருமுறை ஓர் அம்மாவின் ரவிக்கையை அவிழ்த்தபோது உள்ளே மடித்துக் கட்டிய துணி இருந்தது. துணிக்கு அடியில் மார்பில் புண். வீட்டில் யாருக்குமே அவர் சொல்லியிருக்கவில்லை.

அதைக் கண்ணால் பார்த்த நானே நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்படி மறைத்து வைத்திருக்கலாம் என்பதால் இதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு இருந்தது பயம். பொறுமை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தார். அவர் மௌத்தாகிப் பத்து வருடம் ஆகிறது. நானும் அங்கே ஒரு துணிக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சட்டைக்குக் காலர் தைத்தேன். மௌத்துச் செய்தி வந்தால் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். மகள் நசீமா திருமுல்லைவாயிலில். வீட்டில் நான் மட்டும்தான்.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுக் கஸ்தூரி. பாரிவாக்கத்தில் பிறந்தவள். அவள் அம்மா அப்பா கழனி வேலை செய்தவர்கள். இவள் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். தெருக் குழாயடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டுவிட்டாள்.

"இன்னாக்கா, ஒரு வாரமா இடது கையாலயே குடம் தூக்கிகினு கீற?"

"சுளுக்கு."

"சுளுக்குன்னா தைலம் வாசன வரும். உங்கிட்ட வர்ல. உள்ள வா, காட்டு."

மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல் என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என் மகள் வயதுப் பெண்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"நாலு மாசம்."

"வலிக்கலன்னு விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. தெரிஞ்சுதான் விட்டுட்டேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. "சரி, இப்ப வந்துட்டீங்கல்ல" என்றார்.

மேமோகிராம் (மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே), பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) இரண்டும் எடுத்தார்கள். புற்றுநோய் என்று உறுதியானது. அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. முதலில் கீமோ (புற்று அணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது), கட்டி சுருங்கியதும் அறுவை, பிறகு கதிர்ச் சிகிச்சை என்று முடிவு செய்தார்கள்.

கீமோ நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வாயில் இரும்புச் சுவை. தலையணையில் முடி. அந்த வருடம் ரமலானில் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைதான் அது. ஆனாலும் பகலில் தண்ணீர் குடிக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். என் வீட்டில் நானே ஒளிந்துகொண்டிருந்தேன்.

யாரும் அதிகம் வரவில்லை. கஞ்சி கொடுத்தனுப்பினார்கள், துஆ (பிரார்த்தனை) செய்வதாகச் சொல்லியனுப்பினார்கள். உள்ளே வந்து உட்காரவில்லை. முதலில் கோபம் வந்தது. இந்தத் தெருக்களில் நான் நுழையாத வீடு குறைவு. பிறகு படுத்துக்கொண்டே யோசித்ததில் புரிந்தது. எல்லா வீட்டுக்குள்ளும் நான் ஒரே மாதிரியான நாளில்தான் போயிருக்கிறேன். என்னைப் பார்த்தால் அவர்களுக்குத் தங்கள் அம்மாவின், அக்காவின் கடைசிக் குளியல்தான் ஞாபகம் வரும். சாதாரண நாளில் என்னோடு என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அறுவையில் வலது மார்பையும் அக்குள் கணுக்களையும் எடுத்தார்கள். தையல் பிரித்த பிறகு நசீமா வந்து என்னைக் குளிப்பாட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் இடது தோளில் தண்ணீர் ஊற்றப் போனாள். என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"வலப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிம்மா. மூணு தடவ ஊத்து."

மையத்தை (இறந்தவர் உடலை) அப்படித்தான் குளிப்பாட்டுவோம். சொம்பு அவள் கையிலேயே நின்றது.

"ஏம்மா, நீ இன்னா மையத்தா? உசுரோட கீறம்மா!"

ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் தலையைத் தடவ வலது கையை நீட்டினேன். அது பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இடது கையால் தடவினேன்.

அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நான்கு நாள்தான் தங்க முடிந்தது. அதற்குப் பிறகு கஸ்தூரி குளிப்பாட்டினாள். "கண்ண மூடிக்கோ யக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் தலையில் ஊற்றிவிடுவாள். முறை, கணக்கு எதுவும் அவளுக்குக் கிடையாது. வலமா இடமா என்று நானும் சொல்லவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி நான் தும்மினால் அவள் சிரிப்பாள்.

கதிர்ச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் வலது கை வீங்கத் தொடங்கியது. நிணநீர் வீக்கம் (கணுக்களை எடுத்துவிட்டதால் நீர் வடியாமல் தேங்குவது) என்றார் டாக்டர். இறுக்கமான துணி உறை ஒன்றை மணிக்கட்டிலிருந்து தோள்வரை போடச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, சூடு படக் கூடாது, வெட்டுக்காயம் படக் கூடாது. இது முழுதாகச் சரியாகாது, பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றும் சொன்னார்.

"மையத்துக் குளிப்பாட்டலாமா?"

அவருக்கு என் வேலை தெரியும். "உடம்ப அப்படியே புரட்டணும்ல? வேணாம்மா. போதும், நிறைய செஞ்சிட்டீங்க."

'போதும்' என்பதை அவர் அன்பாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சொல் கூடவே வந்தது. ஜமாஅத்தில் சொல்லிவிட்டேன். வயது குறைந்த இரண்டு பெண்கள் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெருவில் சந்தூக்கு (மையத்தைச் சுமந்துபோகும் பெட்டி) போனது. பின்தெருவில் ஒரு பெண் காலையிலேயே மௌத்தாகியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நின்று துஆச் செய்தேன். மீதித் துணி வாளியிலேயே கிடந்தது. அன்று இருந்த அளவுக்கு நான் கீமோ நாட்களில்கூடத் தனியாக இருந்ததில்லை.

அடுத்த வாரம் குமணன்சாவடிக்குப் போனேன். அங்கே ஜமீலா இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் அம்மாவைக் குளிப்பாட்டியவள் நான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அந்த ஸ்டாப் வந்தது, இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. சும்மாதான் வந்தேன்."

நம்பாமல் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். "உள்ள வாங்க" என்று நாற்காலி போட்டாள்.

டீ கொண்டுவந்தாள். குடித்தோம். அவள் பிள்ளைகளைக் கேட்டேன், அவள் என் கையைக் கேட்டாள். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. எழுந்து போக ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அடக்கம் இத்தனை மணிக்கு, சீக்கிரம் முடிங்க என்று வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை. குளிப்பாட்டப் போன ஒரு வீட்டுக்குள் அவசரமில்லாமல் நான் உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை.

இதே கையோடு வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் தேறுதல் இல்லை. கை கனக்கும். சாயங்காலம் அதிகமாகக் கனக்கும். கீழே தொங்கவிடாமல் உயரத்தில் வையுங்கள்.

ஜமீலா எழுந்து உள்ளே போனாள். கிளம்பச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு தலையணையோடு வந்தாள். எதுவும் கேட்காமல் என் வலது கையை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் வைத்தாள். வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கத் தொடங்கினாள்.