பின்வளவில் இருந்த ஜெர்மனி

எங்கள் வீட்டுப் பின்வளவில் பதினேழு நாட்கள் ஜெர்மனி இருந்தது. நீளம் பதினாறு அடி, அகலம் பதினொன்று. நான்தான் அளந்தேன். முதல் தடவை ஒரு கோழி குறுக்கே ஓடிவிட்டதால் இரண்டாம் தடவையும் அளந்தேன்.

அது அறுபதாம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. மருதமுனையில், என் சின்னக் கால்களுக்குக் கடலிலிருந்து நானூற்று முப்பது எட்டுத் தூரத்தில் எங்கள் வீடு. வாப்பா சாரன் நெய்தார். உம்மாவின் தம்பியான மாமாவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். மேற்கே ஓர் ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த ஜெர்மன் எஞ்சினியர் ஒருவருக்கு அவர் ஜீப் ஓட்டினார். வெள்ளைக்காரர் எவரானாலும் எங்களுக்குத் துரைதான். இவரும் துரை.

மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசை. ஜெர்மனிக்குப் போய் மோட்டார் வேலை பழக வேண்டும். துரையின் தமையனுக்கு ஸ்டுட்கார்ட் என்ற நகரத்தில் ஒரு மோட்டார் பட்டறை இருந்தது. தமையனுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பதாகத் துரை சொல்லி நான்கு மாதமாகியிருந்தது. அந்த நான்கு மாதமும் மாமா ஜீப்பை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவினார். கடிதம் எழுதப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. துரை தன் ஊர்ப் பூங்காவின் படப் புத்தகமொன்றை மாமாவிடம் பார்க்கக் கொடுத்திருந்தார். நாற்பத்தெட்டுப் பக்கம், ஐம்பத்து மூன்று படம். படங்களுக்குக் கீழே கொஞ்சம் ஆங்கிலம் இருந்தது. மாமாவின் ஆங்கிலம் அவருடைய ஜீப்பைப் போல, பள்ளத்தில் ஓடும், மேட்டில் நின்றுவிடும். அப்படி ஓடியும் நின்றும் அவர் எங்களுக்கு விளங்கப்படுத்திய சரித்திரம் இதுதான். கில்லஸ்பெர்க் என்ற அந்த மேட்டில் முன்பு சிவப்புக் கல் உடைத்தார்கள். கல் எடுத்த குழிகளெல்லாம் வடுவாய்க் கிடந்தன. முப்பத்தொன்பதாம் ஆண்டு அங்கே ஒரு பெரிய பூங்காட்சி வைத்தார்கள். குழிகள் குளங்களாகின, சரிவுகள் தோட்டமாகின, பொருட்காட்சி மண்டபங்கள் எழுந்தன, பிள்ளைகள் ஏறிச் சுற்ற ஒரு சின்ன ரயிலும் ஓடியது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் ஐம்பதாம் ஆண்டு. மறுபடியும் பூங்காட்சி, மறுபடியும் சின்ன ரயில், புதிதாகக் கம்பியில் தொங்கும் நாற்காலிகள்.

"மாமா, நடுவால பதினொரு வருசத்தக் காணல்லியே" என்றேன்.

"அது சண்டைக் காலம்டா. சண்டைக்குள்ள ஆருக்குப் பூ?"

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனாலும் மாமா அதற்குள் வேறு யோசனையில் இறங்கிவிட்டார்.

"துரை ஊர நினைச்சி ஏங்கிப் போய் இரிக்கார். அவர்ட ஊரையே கொண்டந்து கண்ணுக்கு முன்னால வெச்சிட்டமெண்டா, கடிதம் தானா எழுதுவார்."

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஊரத் தூக்கிக் கொண்டார நீ என்ன சுலைமான் நபியா? ஜின்னா உனக்கு வேல செய்யுது?"

"ஜின் இல்ல ராத்தா. உன்ட மகன் இரிக்கானே."

ஆக, ஜின்னுக்குரிய வேலைகளை நான் செய்தேன். உடைந்த செங்கல் கல்லுக்குழியாயிற்று. போத்தல் துண்டுகளைப் பதித்துக் குளம் செய்தோம். சவுக்கங் கொப்புகள் ஜெர்மன் மரங்களாயின. வாப்பாவின் தறிக்கொட்டிலில் கழிந்த சாய நூல்களை நறுக்கி, நாற்பது பாத்திகளில் பூக்கவைத்தோம். பச்சை நூல் குறைந்ததால் இலைகளுக்கு நீலம். பிஸ்கட் தகரமொன்றைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வாசல் வெட்டி, பொருட்காட்சி மண்டபமாக்கினோம். ஒன்பது நெருப்புப்பெட்டிகளைக் கோர்த்துச் சின்ன ரயில். நூலைப் பிடித்து இழுத்தால் பூங்காவைச் சுற்றி வந்து, உம்மா சமைக்கும் குசினி வாசலில் நிற்கும்.

"எல்லாம் இரிக்கி, சனம் இல்லியே" என்றார் வாப்பா. அவர் வாய் திறந்தால் ஒரு குறை சொல்லத்தான். அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது என்று என் மக்கள் சொல்கிறார்கள்.

சனத்துக்காக நான் கடற்கரைக்குப் போய்ச் சோகி பொறுக்கினேன்; சோழியை நாங்கள் சோகி என்போம். மூன்று பின்னேரங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு சோகிகள். பெரியவை ஆண்கள், நடுத்தரமானவை பெண்கள், விரல் நகமளவு இருந்தவை பிள்ளைகள். குடும்பம் குடும்பமாகப் பாதைகளில் வைத்தேன். அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கோழி கிளறும், காகம் தூக்கும், மழை அடித்துக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு பின்னேரமும் எல்லாரையும் எண்ணி மண்டபத்துக்குள் சேர்த்தேன். பிறகு பெட்டிக்கு எட்டுப் பேராக ரயிலில் ஏற்றிக் குசினிக்குக் கொண்டுபோனேன். ஒரு நடைக்கு எழுபத்திரண்டு பேர். மூன்று நடை, கடைசி நடையில் அறுபத்தெட்டு. நெருப்புப்பெட்டியில் ஒரு வசதி உண்டு, தள்ளி மூடிவிட்டால் யாரும் வெளியே சிந்த மாட்டார்கள்.

துரை வரும் நாளன்று உம்மா வட்டிலப்பம் அவித்தார். என் அக்கா, மூத்த ராத்தா, வளவை இரண்டு தடவை கூட்டினாள். நாலு மணிக்கு வேலி வாசலில், கடப்படியில், செவ்வரத்தம் பூவோடு நிற்க வேண்டும் என்பது மாமா எனக்கு இட்ட கட்டளை. மூன்றரைக்குக் கடல் பக்கத்தில் மேகம் கறுத்தது. நான் பூவை வேலியில் செருகிவிட்டுச் சனத்தைக் காப்பாற்ற ஓடினேன்.

அவசரத்தில் சத்தமும் போட்டேன். பள்ளிவாசல் கந்தூரிச் சாப்பாட்டுக்குச் சனத்தை வரிசைப்படுத்தும் மரைக்காரின் குரல் எனக்கு நன்றாக வரும். கையில் ஈர்க்குக் குச்சி. "நெருங்கி நில்லுங்க! தள்ளப்படாது! வயசான பெத்தாமாரெல்லாம் முன்னுக்கு! எண்ணுப்படாம ஒராளும் உள்ள போகப்படாது!" எல்லாரையும் மண்டபத்துக்குள் சேர்த்து, எண்ணி முடித்து, இரண்டு நடையைக் குசினி வாசலில் இறக்கிவிட்டு, மூன்றாம் நடைக்குப் பெட்டிகளைத் திறந்தேன். அப்போதுதான் மணலில் ஒரு சோடிச் சப்பாத்தைக் கண்டேன்.

துரை இருபது நிமிடம் முந்தி வந்துவிட்டார். அவரும் மாமாவும் என் பின்னால் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. துரையின் முகம் சிவந்த முகம். அன்று அது சுண்ணாம்பு நிறமாக இருந்தது. அவர் மாமாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"இவங்கள எங்க கொண்டு போறாய் எண்டு கேக்கார்" என்றார் மாமா. அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"ரயில்ல, மாமா. அங்கால."

"எத்தின பேராம்?"

"இருநூத்திப் பன்ரெண்டு. அறுபத்தெட்டுப் பேர் இன்னும் மண்டவத்துக்குள்ள இரிக்காங்க."

துரை குனிந்து தகரத்தின் வாசலைப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"திரும்பி வருவாங்களா எண்டு கேக்கார்."

"மழ விட்டா வருவாங்க" என்றேன்.

மாமா அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை அவர் பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். மாமா காத்திருந்த கேள்வி அது. நெஞ்சில் கையை வைத்து, "ஐ, சேர்" என்றார். எங்கள் பக்கம் திரும்பிக் கண்ணடித்து, "எல்லாம் நான்தான் எண்டு செல்லிட்டன்" என்றார்.

துரை அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை. ராத்தாவிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு துரை செய்த காரியம் எங்கள் வளவில் யாரும் எதிர்பாராதது. வெள்ளைக் காற்சட்டையோடு மணலில் முழங்காலிட்டார். மண்டபத் தகரத்தைத் தூக்கி அப்பால் வைத்தார். குசினி வாசலில் கிடந்தவற்றையும் இரு கைகளால் அள்ளி வந்தார். ஒவ்வொரு சோகியாக எடுத்து, பூப்பாத்திகளின் நடுவே, குளத்தைச் சுற்றி, மரங்களின் கீழே வைத்தார். பெரியதோடு சின்னதைச் சேர்த்து வைத்தார். தூறல் தொடங்கியது. அவர் எழும்பவில்லை. உம்மா கதவடியில் நின்று, "மழைக்குள்ள காச்சல் வரும், துரைய உள்ளுக்கு வரச் செல்லு தம்பி" என்றார். மாமா சொன்னாரோ தெரியாது. கடைசிச் சோகியைக் கையில் வைத்துக்கொண்டு துரை நிமிர்ந்தார். தேத்தண்ணி குடிக்காமல், வட்டிலப்பத்தைத் தொடாமல், நடந்து போய் ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்கு ராவு முழுக்க வீட்டில் ஆளுக்கொரு காரணம். கோப்பையின் விளிம்பு உடைந்திருந்ததுதான் காரணம் என்றார் உம்மா. தான் சிரித்துவிட்டதாக ராத்தா அழுதாள். இலைகளுக்கு நீல நூல் வைத்தது பிழை என்றார் வாப்பா. மாமா துரைக்கு வயிற்று வலி என்று முடிவு செய்தார், மறுநாள் ஓமத்தண்ணியும் கொண்டுபோனார்.

அடுத்த மாதம் ஆலை வேலை முடிந்து துரை புறப்பட்டார். மாமா கடிதத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டாராம். துரை ஜீப்புக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாராம். மாமா பிறகு சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் முப்பத்தொரு வருடம் லொறி ஓட்டினார். கலியாண வீடுகளில் யாராவது "ஜெர்மன்காரர் வாறார்" என்று பகடி பண்ணினால், "ஓம், என்ட மருமகன்ட சோகிதான் என்னக் கவுத்தது" என்று சிரிப்பார். அவர் மௌத்தாகி எட்டு வருடம். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு இருந்தது என்று நான் கேட்டதில்லை.

என் இளைய மகள் இப்போது அந்த ஸ்டுட்கார்ட்டில்தான் இருக்கிறாள். போன வருடம் என்னை அழைத்திருந்தாள். குளிரும், மருந்துகளும், படிக்கட்டுகளுமாக நான் அவளை நிறையத் தொந்தரவு செய்தேன். ஒரு நாள் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். சின்ன ரயில் இன்னும் ஓடுகிறது. சிவப்புக் கல் சுவர் மாமா வைத்த இடத்திலேயே இருக்கிறது. குளத்தை மட்டும் நாங்கள் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டோம். வழியோரத்தில் உட்காரப் போட்டிருந்த வாங்குகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்தாறாவது வாங்கைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு கல்லும், அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையமும் இருந்தன. எழுதியிருந்ததை மகளிடம் வாசிக்கச் சொன்னேன்.

நாற்பத்தொன்றிலும் நாற்பத்திரண்டிலும் அந்த ஊர் யூதர்களை, கிழவர், பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல், பூங்காவின் பொருட்காட்சி மண்டபங்களில் சேர்த்து வைத்தார்கள். பெயர் பதிந்து, எண்ணி, அங்கிருந்து கொண்டுபோய் ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அநேகமாக யாரும் திரும்பவில்லை. மகளை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன். பிறகு இருபத்தாறாவது வாங்குக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தில் காணாமல் போன பதினொரு வருடமும் அங்கே இருந்தன.

துரைக்கு மாமாவைவிட ஒன்பது வயது கூட, அறுபதில் முப்பத்தைந்து. நாற்பத்தொன்றில் பதினாறு. அந்தப் பதினாறு வயதுப் பையன் மண்டபத்துக்கு உள்ளே நின்றானா, குச்சியோடு வாசலில் நின்றானா, வேலிக்கு அப்பால் நின்று தெரிந்த ஒருவர் போவதைப் பார்த்தானா? இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தீரவில்லை.

ஒன்பது வயதில் எனக்கு வேறொரு கணக்குத்தான் இருந்தது. ஜீப் நகர்ந்ததும் நான் மழைக்குள் நின்று சோகிகளை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. சின்னதில் ஒன்று குறைந்தது. நகமளவான ஒன்று. கடப்பைத் தாண்டி ஒழுங்கை முடியும்வரை ஜீப்புக்குப் பின்னால் ஓடினேன். "துரை, எங்கட ஆள் ஒண்டு உங்கட கையில! தாங்க துரை, அது எங்கட ஆள்!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். மூடிய கையைத் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் ஒரு சோகியைக் களவெடுப்பாரா என்று நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.